முகம் மாதிரியே இல்லையே! நவீன ஓவியமும் உருவப்படமும்: கேள்வி பதில்

ஒரு மனிதரை எதிரே உட்கார வைத்து அவரை வரைவது மிகப் பழைய தொழில். சுமார் 1860 முதல் 1914 வரை, பெரும்பாலும் பாரிஸில், அந்தத் தொழில் தலைகீழாக மாறியது. மனே, டெகா, செசான், மத்தீஸ், பிக்காசோ ஆகியோரின் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடப்புத்தக வரிசையில் போகவில்லை. பிடித்த இடங்களில் நின்று பேசியிருக்கிறேன், மற்ற இடங்களை வேகமாகக் கடந்திருக்கிறேன்.

உருவப்படத்தின் பழைய மரபு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அடிப்படையில் அது ஒரு வியாபார ஒப்பந்தம். காசு கொடுப்பவர் உட்காருவார், ஓவியர் வரைவார். முகம் அவரைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் அவரைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும். உடை, நகை, நாற்காலி, பின்னால் தொங்கும் திரை எல்லாம் அவருடைய அந்தஸ்தைச் சொல்ல வேண்டும். பார்வை நேராகவோ சற்றே பக்கவாட்டிலோ, எப்படியானாலும் கம்பீரமாக.

பிரான்ஸில் இந்த மரபின் உச்சம் ஆங்ர் என்கிற ஓவியர். மதாம் முவாத்தெசியே என்கிற பணக்காரப் பெண்மணியின் படத்தை 1844இல் தொடங்கி 1856இல் முடித்தார். பன்னிரண்டு வருடம்! நடுவில் உடையை மாற்றினார். முதலில் கூடவே இருந்த மகளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது கூடிவிட்டது, ஆனால் படத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

அதே ஆங்ர் 1832இல் வரைந்த பெர்த்தேன் என்கிற பத்திரிகை அதிபரின் படமும் இருக்கிறது. பருத்த மனிதர், இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி, இப்போதே எழுந்து சண்டைக்கு வருவதுபோல உட்கார்ந்திருப்பார். “அப்பா பெரிய பிரபு மாதிரி இருப்பார், அவரைக் கொழுத்த விவசாயி ஆக்கிவிட்டார்” என்று மகள் குறைப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கைகளை மறந்துவிடாதீர்கள், பிக்காசோவிடம் வரும்போது மறுபடியும் பார்ப்போம்.

புகைப்படம் வந்ததால்தான் எல்லாம் மாறிவிட்டதா?

பாதி உண்மை. 1839இல் தகேர் என்பவரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டது. 1854இல் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு மளிகைக் கடைக்காரரும் தன் முகத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. சிறிய அளவில் முகம் வரைந்து பிழைத்த ஓவியர்களின் தொழில் படுத்தது.

ஆனால் இதை மட்டுமே காரணமாகச் சொன்னால் இரண்டு விஷயங்கள் இடிக்கும். ஒன்று, பணக்காரர்கள் எண்ணெய் ஓவியம் வரைந்துகொள்வதை நிறுத்தவே இல்லை. பணக்காரர்களை வரைந்த சார்ஜென்ட், போல்தினி போன்ற ஓவியர்கள் அந்தக் காலத்தில்தான் கொடிகட்டிப் பறந்தார்கள். இரண்டு, ஆரம்பகாலப் போட்டோ ஸ்டூடியோக்கள் செய்ததெல்லாம் ஓவிய மரபின் நகல். பொய்த் தூண், திரைச்சீலை, கையில் ஒரு புத்தகம். நம்மூர் ஸ்டூடியோக்களில் ஸ்டூல்மேல் இருக்கும் பூச்சாடியும் பின்னால் வரைந்த மாடிப்படியும் அந்த வம்சம்தான். ஆக, மரபைக் காப்பாற்றியதில் கேமராவுக்கும் பங்கு உண்டு. சாயலைப் பிடிக்க இனி ஓவியர் தேவையில்லை என்பதைப் புகைப்படம் சொன்னது. அப்புறம் எங்கே போவது என்பதை அது சொல்லவில்லை.

முதலில் உடைத்தவர் யார்?

ஒரு பெயரைச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த தொடக்கம், டெகா தன் அத்தை வீட்டாரை வரைந்த பெல்லெல்லி குடும்பப் படம். இருபதுகளின் நடுவில் இருந்தபோது, 1858இல், இத்தாலியில் தொடங்கினார். அத்தை கறுப்பு உடையில் நிமிர்ந்து நிற்கிறார். தன் தந்தைக்காகத் துக்கம் காக்கிறார். அவர் பார்வை எங்கேயோ இருக்கிறது. மாமா நமக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மகள்களில் நடுவில் இருக்கும் சின்னவள் ஒரு காலை மடக்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்புகிறாள். நான்கு பேரில் யாரும் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை. குடும்பப் படம் என்றால் ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்பது விதி. இது அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சண்டையை வரைந்தது.

இதே டெகாதான் 1868, 69 வாக்கில் நண்பர் மனேயையும் அவர் மனைவி சூசானையும் வரைந்தார். மனே சோபாவில் சாய்ந்து கிடக்கிறார், சூசான் பியானோ வாசிக்கிறார். படத்தை மனேக்கே பரிசாகக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து மனே வீட்டுக்குப் போனால் கேன்வாஸின் வலதுபக்கம் கத்தியால் வெட்டப்பட்டிருக்கிறது. சூசானின் முகமும் பியானோவும் காணோம். மனைவியை வரைந்த விதம் மனேக்குப் பிடிக்கவில்லையாம். டெகா படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மனே தனக்குத் தந்திருந்த படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெட்டிய இடத்தில் வெற்றுத் துணியை ஒட்டி மறுபடி வரைய நினைத்தவர், கடைசிவரை வரையவில்லை. அந்த வெற்றுத் துணியோடுதான் படம் இன்று ஜப்பானில் கித்தாக்யூஷு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு இதில் சுவாரஸ்யம், வெட்டியவர் யார் என்பதுதான். ஓவிய மரபை எல்லாம் உடைத்தவர் என்று நாம் சொல்லும் மனேதான், தன் மனைவியின் முகம் என்று வந்தபோது பழைய வாடிக்கையாளரைப் போல நடந்துகொண்டார்.

மனே மட்டும் என்ன செய்தார்?

1868இல் எழுத்தாளர் எமில் சோலாவை வரைந்தார். முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை மேசைமேல் கிடக்கும் புத்தகங்களுக்கும், மைக்கூட்டுக்கும், சுவரில் மாட்டியிருக்கும் ஜப்பானிய அச்சுப்படத்துக்கும் கொடுத்தார். மனிதனை வரைவதற்குப் பதில் மேசைப் பொருட்களை வரைந்ததுபோல இருக்கிறது என்று ஓவியர் ரெதோன் அப்போதே குறை சொன்னார். குறையாகச் சொன்னாலும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

அமெரிக்க ஓவியர் விஸ்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1871இல் தன் அம்மாவைப் பக்கவாட்டில் உட்கார வைத்து வரைந்துவிட்டு, சாம்பல், கறுப்பு நிறங்களின் ஓர் அமைப்பு என்று தலைப்பு வைத்தார். எனக்கு அது அம்மாவின் படமாகச் சுவாரஸ்யம்தான், ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்பதில் பார்ப்பவருக்கு என்ன அக்கறை இருக்க முடியும் என்று பின்னாளில் எழுதினார். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை அந்தப் படத்தை எல்லோரும் விஸ்லரின் அம்மா என்றே சொல்கிறார்கள்.

அப்படியென்றால் இவர்களிடம் யார் உட்கார்ந்தார்கள்? யார் காசு கொடுத்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பதில்: பெரும்பாலும் யாரும் காசு கொடுக்கவில்லை.

இந்தப் படங்களில் வரும் முகங்களைக் கவனியுங்கள். மனைவி, காதலி, நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், ஓவிய வியாபாரி, தன் முகம். வான்கா முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட தடவை தன்னையே வரைந்ததற்குக் காரணம் கர்வமோ தத்துவமோ இல்லை, மாடலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. தென் பிரான்ஸின் ஆர்ல் ஊரில் அவருக்குக் கிடைத்த ஆள் ரூலேன், ரயில் நிலையத்தில் தபால் பைகளைப் பார்த்துக்கொண்டவர். நீலச் சீருடை, தங்கப் பொத்தான்கள், இரண்டாகப் பிரியும் தாடி. அவரையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் 1888, 89இல் இருபதுக்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு தபால் ஊழியரின் குடும்பம் முழுவதையும் யார் இப்படி உட்கார வைத்து வரைந்திருப்பார்கள்?

காசு கொடுப்பவர் போனதும் அவரைத் திருப்திப்படுத்தும் கட்டாயமும் போய்விட்டது. மூக்கு பச்சையாக இருந்தால் பணம் தர மாட்டேன் என்று சொல்ல ஆள் இல்லை. நிறம், வடிவம், வெளி என்று இந்த மாற்றத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அதற்கு அடியில் இருப்பது இந்தச் சின்ன விஷயம். பட்டினி கிடந்ததால் கிடைத்த சுதந்திரம் அது.

வான்கா நிறத்தை இஷ்டத்துக்கு மாற்றினாரா?

தெரிந்தே மாற்றினார். யூஜின் போக் என்கிற பெல்ஜிய ஓவிய நண்பரை 1888இல் வரையும்போது என்ன செய்யப்போகிறேன் என்று தம்பி தேயோவுக்குக் கடிதம் எழுதினார். முதலில் உள்ளது உள்ளபடி வரைவேன். அப்புறம் இஷ்டம்போல நிறம் கொடுக்கத் தொடங்குவேன். பொன்னிற முடியை ஆரஞ்சு வரைக்கும் மிகைப்படுத்துவேன். தலைக்குப் பின்னால் இந்த அற்பமான அறையின் சுவருக்குப் பதில் முடிவற்ற வெளியை வரைவேன், என்னால் முடிந்த அளவு அடர்ந்த நீலத்தில். படத்தில் அந்த நீலத்தில் நட்சத்திரங்கள்கூட இருக்கின்றன.

நூறு வருடம் கழித்து வருபவர்களுக்கு ஆவிபோலத் தோன்றும் உருவப்படங்களை வரைய வேண்டும், அதைப் புகைப்படச் சாயலால் செய்யக் கூடாது, நிறத்தால் செய்ய வேண்டும் என்று 1890இல் தங்கைக்கும் எழுதினார்.

செசானிடம் உட்கார்ந்தவர்கள் ஏன் உயிரே இல்லாமல் இருக்கிறார்கள்?

நூற்றுப் பதினைந்து தடவை உட்கார்ந்தால் நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

ஆம்ப்ருவாஸ் வொல்லார் என்கிற ஓவிய வியாபாரி 1899இல் செசானிடம் உட்கார்ந்தார். அவர் சொல்லும் கணக்குதான் 115. ஒரு பெட்டியின்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்திருக்கிறார். வொல்லார் தூங்கிப்போய் நாற்காலியோடு கீழே விழுந்தார். செசானுக்கு ஒரே கோபம்: “ஆப்பிள் மாதிரி இருக்கச் சொன்னேனே! ஆப்பிள் அசையுமா?”

படம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் கையில் இரண்டு சின்ன இடங்களில் வண்ணமே படாமல் துணி தெரிகிறது. வொல்லார் அதைச் சுட்டிக்காட்டியதும் செசான் சொன்னாராம், சரியான நிறம் கிடைத்தால் நாளைக்கு அடைப்பேன், ஏதோ ஒன்றை வைத்து அடைத்தால் அந்த இடத்திலிருந்து முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டிவரும் என்று. கடைசியில் வேலையை நிறுத்தியபோது கிடைத்த பாராட்டு: சட்டையின் முன்பக்கம் ஒன்றும் மோசமில்லை. முகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

வொல்லார் கதை சொல்வதில் கெட்டிக்காரர், கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பவர். கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அந்த இரண்டு வெற்றிடங்களின் தர்க்கம் படத்தோடு பொருந்துகிறது. செசானுக்குக் கன்னமும் கைமுட்டியும் சட்டையும் பின்சுவரும் ஒரே எடை. முகம் ராஜா, மற்றதெல்லாம் பரிவாரம் என்கிற பழைய ஏற்பாடு அங்கே இல்லை.

மனைவி ஒர்த்தான்ஸை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் சுமார் 29 தடவை வரைந்திருக்கிறார். பல படங்களில் முகம் மூடிய கதவு மாதிரி இருக்கும். சிடுசிடுப்பானவர் என்று சில விமர்சகர்கள் எழுதிவைத்தார்கள். அநியாயம். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து, அசைந்தால் திட்டு வாங்கும் ஒரு பெண் சிரித்துக்கொண்டா இருப்பார்?

மத்தீஸ் மனைவியின் முகத்தில் பச்சை வந்தது எப்படி?

1905 அக்டோபர், பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சி. மத்தீஸ் தொங்கவிட்ட படம் தொப்பி அணிந்த பெண். மனைவி அமேலிதான். கையுறை அணிந்த கை, தோளைத் திருப்பிய நிலை, தலையில் பழக்கூடை போன்ற பெரிய தொப்பி எல்லாம் அக்காலத்துச் சீமாட்டிப் படங்களின் வழக்கமான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் முகம் வரும்போது நெற்றியில் பச்சைப் பட்டை, மூக்கின் ஓரம் பச்சை, கழுத்தில் ஆரஞ்சு. பின்னணி சுவரும் இல்லை, தோட்டமும் இல்லை. இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தேய்த்த திட்டுகள். துணி பல இடங்களில் தெரியும்.

கூட்டம் சிரித்தது. அதே அறையில் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் ஒரு சிற்பமும் இருந்தது. காட்டு விலங்குகளுக்கு நடுவே தொனத்தெல்லோ (மறுமலர்ச்சிக் காலத்துப் பெரிய சிற்பி) என்று விமர்சகர் வோசெல் எழுதினார். அதிலிருந்துதான் ஃபோவ், அதாவது காட்டு விலங்குகள், என்கிற பெயர் இந்தக் குழுவுக்கு ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு அமேலி உண்மையில் என்ன நிற உடை போட்டிருந்தார் என்று யாரோ கேட்க, “கறுப்புதான்” என்று மத்தீஸ் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அமேலி தொப்பிக் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொப்பி வெறும் அலங்காரமாகத் தெரியாது. சிரிப்புக்கு நடுவே படத்தை 500 பிராங்க் கொடுத்து வாங்கியவர்கள் பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கர்களான ஸ்டைன் குடும்பத்தினர்.

அதே வருடம் மத்தீஸ் மனைவியின் முகத்தை மறுபடி வரைந்தார். இந்தத் தடவை நெற்றியிலிருந்து முகத்தின் நடுவே கீழ்நோக்கி நேர்கோடாக ஒரு பச்சைப் பட்டை. ஒரு பக்கம் குளிர்ச்சி, மறுபக்கம் வெம்மை, நடுவே எல்லைக்கல் மாதிரி அந்தப் பச்சை. ஒளியும் நிழலும் செய்யும் வேலையை நிறத்தை வைத்தே செய்திருக்கிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், முகம் நன்றாகவே எழுந்து நிற்கும்.

உண்மையைச் சொல்லுங்கள், இவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியுமா?

தெரியும். பிக்காசோ தன் அத்தை பெப்பாவை வரைந்தபோது வயது 14. பார்சிலோனாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய ஆசான் எவரும் கையெழுத்துப் போடத் தயங்காத படம். மத்தீஸ் வருடக்கணக்கில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்தவர்.

செசான் விஷயம் வேறு. அவருக்கு அந்தச் சரளமான கை வாய்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாய்க்காததும் நல்லதாகப் போயிற்று. எளிதில் வராததால் ஒவ்வொரு தூரிகைத் தடத்துக்கும் அவர் காரணம் தேட வேண்டியிருந்தது.

பிக்காசோ வரைந்த கெர்ட்ரூட் ஸ்டைன் படத்தில் முகம் மட்டும் ஏன் ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது?

ஏனென்றால் ஒட்டவைத்ததுதான்.

மத்தீஸின் தொப்பிப் படத்தை வாங்கிய அதே குடும்பத்தின் கெர்ட்ரூட். எழுத்தாளர், அப்போது வயது முப்பதின் தொடக்கம். 1905இன் கடைசியிலிருந்து மறு வருடம் வசந்தம்வரை மோன்மார்த்ர் குன்றில் இருந்த பிக்காசோவின் ஸ்டூடியோவுக்குப் போய்வந்தார். எண்பது, தொண்ணூறு தடவை என்பது அவர் சொல்லும் கணக்கு. அவர் உட்கார்ந்தது உடைந்துபோன ஒரு பெரிய கைநாற்காலி. பிக்காசோ சின்ன அடுப்படி நாற்காலியில், கேன்வாஸில் மூக்கு இடிக்கும் அளவு நெருங்கி உட்கார்ந்திருப்பார். தட்டில் பழுப்பும் சாம்பலும்தான். பொழுது போவதற்காக பிக்காசோவின் துணைவி பெர்னாந்து, லா பொந்தேனின் நீதிக்கதைகளை உரக்கப் படிப்பார்.

வசந்தத்தில் ஒருநாள் பிக்காசோ முகத்தை மொத்தமாக அழித்தார். “பார்க்கும்போது இனிமேல் நீ எனக்குத் தெரியவில்லை” என்றார். ஸ்பெயினில் கோசொல் என்கிற மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். அந்தக் கோடை முழுக்கத் தலையில்லாத படம் பாரிஸில் நின்றது. திரும்பி வந்ததும், ஸ்டைனை எதிரே உட்கார வைக்காமலேயே, நினைவிலிருந்து முகத்தை வரைந்து முடித்தார்.

இப்போது படத்தைப் பாருங்கள். உடம்பும் கைகளும் பழைய முறையில் இருக்கின்றன. முன்னால் குனிந்த கனமான உருவம், மடியில் ஊன்றிய கைகள். ஆங்ர் வரைந்த அந்தப் பத்திரிகை அதிபர்தான்! ஓர் ஆணின் அதிகாரத்தைக் காட்ட உருவான உட்காரும் தோரணையை ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். முகமோ கல்லில் வெட்டியது. கண்கள் இரண்டும் ஒரே அளவில் இல்லை, ஒன்று பெரியது. நெற்றி மழமழவென்று, புருவம் கோடு கிழித்ததுபோல. முகமூடியை அணிவித்ததுபோலக் கழுத்துக்கு மேலே திடீரென்று வேறொரு காலம் தொடங்குகிறது.

ஸ்டைன் இப்படி இல்லையே என்று நண்பர்கள் சொன்னபோது, பரவாயில்லை, கடைசியில் அவர் இப்படி ஆகிவிடுவார் என்று பிக்காசோ சொன்னது பிரபலம். வெறும் சாமர்த்தியப் பேச்சு என்று தள்ளிவிட முடியவில்லை. எனக்கு நானாகவே எப்போதும் இருக்கும் ஒரே படம் இதுதான் என்று 1938இல் ஸ்டைனே எழுதினார். பிற்காலத்தில் அவர் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்தபோது பிக்காசோ முகத்தைச் சுளித்து, “அப்போ என் படம்?” என்று கேட்டாராம். அப்புறம் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, “இருந்தாலும் எல்லாம் அதில் இருக்கிறது” என்றாராம்.

இந்தப் படத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு பணக்காரச் சேகரிப்பாளர் கேட்டதற்கு, சும்மா கொடுத்தார் என்றார் ஸ்டைன். அந்தச் சேகரிப்பாளரால் நம்ப முடியவில்லை. இதை பிக்காசோவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்: அந்தக் காலத்தில் விற்பதற்கும் சும்மா கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை என்பது அந்த ஆளுக்குப் புரியாது.

அந்த முகம் ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து வந்ததுதானே?

இல்லை, பலரும் செய்யும் தவறு இது. ஸ்டைனின் முகத்துக்கு மூலம் பழைய ஐபீரியச் சிற்பங்கள், அதாவது ரோமானியர் காலத்துக்கு முந்தைய ஸ்பெயினின் கற்சிலைகள். 1906இல் அவை லூவ்ரில் காட்சிக்கு இருந்தன. பாரிஸின் த்ரோக்கதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்து பிக்காசோ அதிர்ந்துபோனது அடுத்த வருடம், 1907இல்.

1910இல் வரைந்த கான்வைலர் படத்தில் ஆள் எங்கே?

கான்வைலர் இன்னொரு ஓவிய வியாபாரி, பிக்காசோவின் படங்களை விற்றவர். முப்பது தடவைபோல உட்கார்ந்திருக்கிறார். வந்ததோ பழுப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்னச் சில்லுகள் அடுக்கிய ஒரு கோபுரம். முதல் பார்வையில் உடைந்த கண்ணாடி மாதிரி.

மேலே போங்கள். வகிடெடுத்த தலைமுடியின் அலை தெரியும். இரண்டு கண்கள், ஒரு மூக்கின் கோணம். நடுவில் வாஸ்கோட்டின் குறுக்கே கடிகாரச் சங்கிலியின் வளைவு. அடியில் கோத்து வைத்த கைகள். அவ்வளவுதான், ஆள் உட்கார்ந்துவிட்டார். படம் புகையாகக் கரைந்துபோய்விடும் என்று தோன்றியதால்தான் இந்த அடையாளங்களைச் சேர்த்தேன் என்று பிக்காசோ பிற்காலத்தில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

நம் மொழியில் ஜாடை என்று ஒரு சொல் இருக்கிறது. குழந்தைக்கு மூக்கு அம்மாவுடையது, நிறம் பாட்டியுடையது, ஆனாலும் “அப்படியே அப்பா ஜாடை” என்று ஒரு பெரியம்மா தீர்ப்பு சொல்வார். எது அப்பாவைப் போல என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நெற்றியைத் தூக்கும் விதமோ, உதட்டோரமோ, எங்கேயோ ஒரு துளி. உருவத்தைச் சில்லுகளாக உடைத்து அடுக்கும் இந்தப் பாணிக்கு க்யூபிஸம் என்று பெயர். க்யூபிஸ உருவப்படம் அந்தத் துளியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கலைத்துப் போடுகிறது. அதே 1910இல் பிக்காசோ வொல்லாரையும் இப்படி வரைந்தார். பெரியவர்கள் பலர் விழித்தபோது, நண்பர் ஒருவரின் சின்னப் பிள்ளை பார்த்த உடனே இது வொல்லார் மாமா என்று சொல்லிவிட்டதாக வொல்லார் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பெண் ஓவியர்கள் இதில் இல்லையா?

ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஜெர்மனியின் பவுலா மோடர்சோன்-பெக்கர். 1906 பிப்ரவரியில் கணவரை விட்டுத் தனியாகப் பாரிஸ் வந்தார். மே 25, அவருடைய திருமண நாள். அன்றைய தேதியிட்டு ஒரு தன்னுருவப் படம் வரைந்தார். இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துணி, கழுத்தில் அம்பர் மணிமாலை, மேலே ஆடையில்லை. வயிறு கர்ப்பிணியைப் போல மேடிட்டிருக்கிறது, ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்போது அவர் கர்ப்பமாக இல்லை.

படத்தின் அடியில் எழுதியிருப்பது: முப்பது வயதில், என் ஆறாவது திருமண நாளில் இதை வரைந்தேன். கையெழுத்து பவுலா பெக்கர் என்பதன் முதலெழுத்துகள். கணவரின் பெயரான மோடர்சோனை விட்டுவிட்டார். அதுவரை பெண்ணின் உடம்பை ஆண்கள் வரைவார்கள், பெண் மாடலாக நிற்பாள். இங்கே பார்ப்பவளும் பார்க்கப்படுபவளும் ஒருத்தியே. பார்வையில் வெட்கமும் இல்லை, அழைப்பும் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, என்ன என்று கேட்பதுபோல இருக்கிறது.

மறு வருடம் கணவரோடு ஊர் திரும்பினார். 1907 நவம்பரில் மகள் பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். மேடிட்ட வயிறுள்ள அந்தப் படத்தை இது தெரிந்த பிறகு பழையபடி பார்க்க முடிவதில்லை.

உட்கார்ந்தவர்கள் யாரும் சண்டை போடவில்லையா?

வியன்னாவில் ஓவியர் கொகோஷ்காவுக்கு அது அன்றாட அனுபவம். கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் அவருக்கு ஆட்களைப் பிடித்துக் கொடுப்பார், படம் பிடிக்கவில்லை என்றால் தானே எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து. அப்படி 1910இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் அகஸ்த் ஃபோரெல் உட்கார்ந்தார். படத்தில் கைகள் முறுக்கிக்கொண்டு, ஒரு கண் ஒருமாதிரியாக, முகம் நோயாளியுடையதுபோல வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். 1912இல் ஃபோரெலுக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பிறகு படத்தில் அது முன்கூட்டியே தெரிந்தது என்று பேசத் தொடங்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிய நம்பிக்கை இல்லை, பின்னால் நடந்ததை வைத்து முன்னால் உள்ளதைப் படிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒப்பந்தம் முறிந்த சத்தம் இதில் நன்றாகக் கேட்கிறது.

இந்தியாவில் அப்போது என்ன நடந்தது?

இங்கே காலண்டர் வேறு மாதிரி ஓடியது. ஸ்டைனின் தலையை பிக்காசோ வரைந்து முடித்த அதே 1906இன் அக்டோபரில்தான் ராஜா ரவி வர்மா காலமானார். அவரிடம் ராஜாக்களும் ராணிகளும் உட்கார்ந்தது பழைய ஐரோப்பிய ஒப்பந்தப்படியே. அங்கே அது உடைந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே அது புதுமை. பாரிஸில் படித்த அம்ரிதா ஷேர்கில் 1934இல் தாஹித்திப் பெண்ணாகத் தன்னை வரைந்துகொண்டது, தாஹித்திப் பெண்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் கோகேனுக்கு ஒரு பதில் மாதிரி இருக்கும். அது தனியாக எழுத வேண்டிய கதை.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வொல்லாரிடமிருந்து. உலகத்தின் பேரழகிகூட வொல்லார் அளவுக்கு வரையப்பட்டதில்லை என்று பிக்காசோ கிண்டலடிப்பார். ஒரே முகத்தை வைத்துக்கொண்டு மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

முதலில் 1908இல் ஓவியர் ரெனுவார் வரைந்தது, லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. சிற்பி மயோலின் சின்னச் சிலை ஒன்றைக் கையில் பிடித்து ரசிக்கும் ரசனைக்காரர். கொஞ்சம் பழைய மரபு, கொஞ்சம் முகஸ்துதி. அடுத்து செசானின் 1899ஆம் வருடப் படம், பாரிஸ் பெத்தி பலே அருங்காட்சியகத்தில். கையில் அந்த இரண்டு வெற்றிடங்களைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது பிக்காசோவின் 1910 படம், மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில். சில்லுகளுக்கு மேலே அந்த மொட்டை நெற்றி மட்டும் மஞ்சளாக விளக்கு மாதிரி எரியும். கண்களைத் தாழ்த்தியிருக்கிறார். தூங்குகிறாரா, கணக்குப் பார்க்கிறாரா தெரியாது.

நேரம் இருந்தால் நான்காவதாக, 1915இல் பிக்காசோ பென்சிலில் வரைந்த வொல்லாரையும் பாருங்கள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டின் ஒவ்வொரு மடிப்பும் முகத்தின் ஒவ்வொரு மேடும் அச்சாக, ஆங்ர் உயிரோடு வந்து வரைந்ததுபோல.